47 வயது, நிற்காத உதிரப்போக்கு: கர்ப்பப்பையை எடுத்தே ஆகவேண்டுமா?

தறிவீட்டுப்பெண் (குடியாத்தம்):
எல்லாருக்கும் வணக்கம். என் அண்ணிக்காகக் கேட்கிறேன். வயது 47. இரண்டு பிள்ளைகள், குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் எப்போதோ ஆகிவிட்டது. போன வருடத்திலிருந்தே மாதவிலக்கு ஒழுங்கில்லை. இரண்டு மாதம் வராது, அப்புறம் வந்தால் லேசில் நிற்காது. இந்தத் தடவை மூன்று வாரம் தாண்டியும் போய்க்கொண்டிருக்கிறது, அதுவும் கட்டி கட்டியாக. லுங்கித் தறியில் உட்காரவே முடியவில்லை. படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. முகம் வெளுத்துவிட்டது.

அம்மா, "நிற்கப்போகிற நேரம், இருக்கிறதையெல்லாம் கொட்டிவிட்டுத்தான் நிற்கும்" என்கிறார். பக்கத்தில் ஒரு கிளினிக்கில் ஸ்கேன் எடுத்தோம். கர்ப்பப்பை கொஞ்சம் பெரிது, உள்சுவர் 17 மி.மீ., பின்பக்கம் 2 செ.மீ. கட்டி ஒன்று என்று எழுதியிருக்கிறார்கள். ரத்தம் 7.8. ரிப்போர்ட்டைப் பார்த்ததுமே "பிள்ளை பெற்றாயிற்று, இனி எதற்கு அது, எடுத்துவிடலாம். காப்பீட்டு அட்டை இருக்கிறதா?" என்று கேட்டார்கள். அடுத்த வாரமே தேதி தருகிறார்களாம். அண்ணன் சரி என்று தலையாட்டிவிட்டார். அண்ணிக்குப் பயம். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வாலாஜா அக்கா:
நான் எடுத்துக்கொண்டவள்தான் தங்கச்சி. எடுத்ததில் எனக்கு வருத்தமே இல்லை. ஆனால் எனக்கு இருந்த கட்டி ஐந்து மாதக் கர்ப்பம் அளவு. மாத்திரை, ஊசி எல்லாம் பார்த்து, சதை டெஸ்ட் எடுத்து, அதற்கு அப்புறம்தான் ஆபரேஷன். உங்கள் அண்ணிக்கு 2 செ.மீ. கட்டிதானே? அதற்கு இவ்வளவு அவசரம் ஏன் என்று புரியவில்லை.

சோளிங்கர்க்காரன்:
அட்டையில் பணம் வரும், அதுதான் அவசரம்.

சிஸ்டரம்மா (பாகாயம்):
நான் பிரசவ வார்டிலும் பெண்கள் நோய் வார்டிலும் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நர்ஸ். டாக்டர் இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் அந்த 7.8. கர்ப்பப்பை பற்றி அப்புறம் பேசலாம். கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 இருக்கவேண்டும். 8க்குக் கீழே போனாலே கடுமையான ரத்தசோகை. மூச்சு வாங்குகிறது என்று வேறு சொல்கிறீர்கள். எழுந்து நின்றால் கண் இருட்டுகிறதா, நெஞ்சு படபடக்கிறதா, ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட் நனைகிறதா, பத்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய கட்டியாகப் போகிறதா என்று கேளுங்கள். ஆம் என்றால் இங்கே பதில் வரும்வரை காத்திருக்க வேண்டாம். இன்றைக்கே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். மயக்கம் வந்தால் 108.

இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள்: பச்சரிசியை அள்ளி வாயில் போட்டு மெல்லுகிறாரா? வார்டில் எத்தனையோ பெண்களைப் பார்த்திருக்கிறேன், கேட்டால் வெட்கப்பட்டுச் சிரிப்பார்கள். சாக்பீஸ், சாம்பல், மண் தின்னத் தோன்றுவதும் அப்படித்தான். பல பேருக்கு அது இரும்புச்சத்துக் குறைவின் அடையாளம்.

தறிவீட்டுப்பெண் (குடியாத்தம்):
சிஸ்டரம்மா, எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? அரிசி புடைக்கும்போதே பாதியைத் தின்றுவிடுவார். நாங்கள் கிண்டல் செய்துகொண்டிருந்தோம்.

ஒரு மணிக்கு ஒரு பேட் என்கிற அளவு இல்லை, ஆனால் துணியும் பேடும் சேர்த்து வைக்கிறார். நாளைக் காலையில் கூட்டிப்போகிறேன். ஒன்று மட்டும் சொல்லுங்கள், உள்சுவர் 17 என்றால் கேன்சரா? அண்ணன் கூகுளில் பார்த்துவிட்டு அப்படித்தான் பயப்படுகிறார்.

சிஸ்டரம்மா (பாகாயம்):
17 என்ற எண்ணை வைத்துக் கேன்சர் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. உங்கள் அண்ணன் பார்த்தது "4 மி.மீ.க்கு மேல் இருந்தால் ஆபத்து" என்பதாக இருக்கும். அந்த 4, மாதவிலக்கு முழுவதும் நின்றுபோனவர்களுக்கு, அதற்குப் பிறகு ரத்தம் பட்டால் பார்க்கிற கணக்கு. இன்னும் நிற்காதவர்களுக்கு உள்சுவர் மாதவிலக்குச் சுற்றின் தொடக்கத்தில் மெல்லிசாகவும் கடைசியில் தடிப்பாகவும் இருப்பது இயல்பு. அதனால் ஒரே கோடு போட முடியாது.

இந்த வயதில் ஏன் இப்படி ஆகிறது என்று சொல்கிறேன். ஒவ்வொரு மாதமும் ஈஸ்ட்ரோஜன் என்ற சுரப்பு கர்ப்பப்பையின் உள்சுவரை வளர்க்கும். முட்டை வெளிவந்த பிறகு புரோஜெஸ்டிரோன் வந்து அந்த வளர்ச்சியை நிறுத்திப் பக்குவப்படுத்தும். கரு தங்கவில்லை என்றால் எல்லாம் ஒழுங்காக உதிரும், நாலைந்து நாளில் முடியும். நாற்பதுகளின் பிற்பாதியில் பல மாதம் முட்டையே வெளிவராது. முட்டை இல்லாவிட்டால் புரோஜெஸ்டிரோனும் இல்லை. சுவர் பாட்டுக்கு வளர்ந்துகொண்டே போகும். அறுக்க ஆள் வராத நெல், முற்றிச் சாய்ந்து அங்கங்கே கொட்டுகிற மாதிரி, அது தாறுமாறாக உதிரும். இரண்டு மாதம் வராமல் இருந்து அப்புறம் வாரக்கணக்கில் போவது இதனால்தான். எடை கூடியவர்களுக்குக் கொழுப்பிலிருந்தும் ஈஸ்ட்ரோஜன் வருவதால் இன்னும் அதிகம்.

இது ஒரு காரணம் மட்டும்தான். 2011இல் ஃபிகோ என்ற உலக மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பு காரணங்களை வரிசைப்படுத்தி வைத்தது. பாலிப் என்ற சதை வளர்ச்சி, கர்ப்பப்பைச் சதைக்குள்ளேயே உள்சுவர் ஊடுருவுகிற அடினோமையோசிஸ், நார்க்கட்டி, புற்றுநோய் அல்லது அதற்கு முந்தைய தடிப்பு, இந்த நான்கும் ஸ்கேனிலோ டெஸ்டிலோ கண்ணுக்குத் தெரிபவை. ரத்தம் உறைவதில் கோளாறு, முட்டை வெளிவராமை, தைராய்டு, இதயத்துக்காகச் சாப்பிடும் ரத்தம் கட்டாத மாத்திரை, எப்போதோ போட்டு மறந்துபோன காப்பர்-டி, இவற்றில் காப்பர்-டி தவிர மற்றவை ஸ்கேனில் அப்படியே தெரிந்துவிடாது. ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று சேர்ந்தும் இருக்கும். 2 செ.மீ. கட்டி எத்தனையோ பேருக்குச் சும்மா இருக்கும். அது உள்சுவர்ப் பக்கம் துருத்திக்கொண்டிருந்தால்தான் இவ்வளவு போக வைக்கும். ஆகவே கட்டிமேல் பழியைப் போட்டுவிட்டு மற்றதைப் பார்க்காமல் விடக்கூடாது.

கேட்கவேண்டியவை: ரத்தப் பரிசோதனை, தைராய்டு, சர்க்கரை, ஆபரேஷன் செய்திருந்தாலும் ஒரு கர்ப்பப் பரிசோதனை (சிரிக்காதீர்கள், வழக்கமாகச் செய்வதுதான்), கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை. எல்லாவற்றுக்கும் மேலாக உள்சுவர்ச் சதை டெஸ்ட். 45 வயதுக்கு மேல் இப்படிப் போனால் அதைச் செய்யாமல் முடிவெடுக்கக்கூடாது. நம் ஊர் டாக்டர்கள் பலர் 40 தாண்டினாலே எடுத்துவிடுவார்கள். மெல்லிய பிளாஸ்டிக் குழாய் ஒன்றை உள்ளே விட்டு உறிஞ்சி எடுப்பார்கள். பெரும்பாலும் மயக்க மருந்து வேண்டாம், புறநோயாளிப் பிரிவிலேயே சில நிமிடத்தில் முடிந்துவிடும். அடிவயிற்றில் நன்றாக ஒரு பிடி பிடிக்கும், அவ்வளவுதான்.

காட்பாடி மருமகள்:
இது தெரியாமல் எத்தனை பேர் இருக்கிறோம். என் மாமியாருக்கு "கிளீன் பண்ணினால் சரியாகிவிடும்" என்று டி அண்ட் சி (உள்சுவரைச் சுரண்டி எடுப்பது) செய்தார்கள். சில மாதம் நன்றாக இருந்தது, திரும்பவும் அதே கதை. எடுத்த சதையின் ரிப்போர்ட் எங்கே என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை.

சிஸ்டரம்மா (பாகாயம்):
ரிப்போர்ட்டுக்காகத்தானே முக்கியமாக அதைச் செய்வதே! சுரண்டி எடுப்பது அப்போதைக்குப் போக்கை நிறுத்தும், காரணத்தை மாற்றாது. சதை எங்கே போனது, ரிசல்ட் எப்போது வரும் என்று கேட்டுச் சீட்டை வாங்கிக்கொண்டுதான் வெளியே வரவேண்டும்.

ஷூகம்பெனி (ஆம்பூர்):
நான் தையல் லைனில் வேலை. எனக்கு 45. எனக்கு அடினோமையோசிஸ். வலி என்றால் அப்படி ஒரு வலி, முதுகு வரைக்கும். கழிப்பறைக்குப் போகவே சூப்பர்வைசரிடம் கேட்டுப் போகவேண்டும். அவர் ஆண். அடிக்கடி எழுந்தால் முறைப்பார். இரண்டு பேட் வைத்து, மேலே கறுப்புச் சுடிதார் போட்டுக்கொண்டு ஓட்டினேன். பாதிப் பேர் அப்படித்தான் ஓட்டுகிறோம். லீவு போட்டால் சம்பளம் போகும் என்று ஆஸ்பத்திரிக்கும் போவதில்லை.

கடைசியில் டெஸ்டெல்லாம் எடுத்து, ஹார்மோன் உள்ள லூப் வைத்தார்கள். மிரினா என்பார்கள். பழைய காப்பர்-டி மாதிரிதான் இருக்கும், ஆனால் காப்பருக்குப் பதில் மருந்து. ஆரம்பத்தில் தினமும் சொட்டுச் சொட்டாகப் பட்டது, "இதையும் எடுத்துவிடுங்கள்" என்று சண்டை போட்டேன். பொறுத்துப் பாருங்கள் என்றார்கள். இப்போது மாதவிலக்கே பெயருக்குத்தான்.

கைவைத்தியப் பாட்டி:
இதெல்லாம் அந்தக் காலத்தில் பெரும்பாடு என்போம். வாழைப்பூவை ஆய்ந்து சாறெடுத்து மோரில் கலந்து கொடுத்தால் நிற்கும். அத்திக்காய் கூட்டு, துவரையோடு முருங்கைக்கீரை. எதற்கெடுத்தாலும் ஸ்கேன், ஆபரேஷன். நாங்கள் எல்லாம் நிற்கவில்லையா?

ஆரணி மகள்:
பாட்டி, மரியாதையோடு சொல்கிறேன். என் அம்மாவுக்கு மாதவிலக்கு நின்று ஆறு வருடம் கழித்து லேசாக ரத்தம் பட்டது. புடவையில் ஒரு கறை, அவ்வளவுதான். "சூடு" என்று வெந்தயமும் இளநீரும் குடித்துக்கொண்டு யாரிடமும் சொல்லவில்லை. எங்களுக்குத் தெரிந்தபோது மாதக்கணக்கு ஓடிவிட்டது. சதை டெஸ்டில் கர்ப்பப்பை உள்சுவர்ப் புற்றுநோய். நல்ல வேளை, ஆரம்ப நிலை. கர்ப்பப்பை, சினைப்பை எல்லாம் எடுத்தார்கள். அம்மா இன்று நன்றாக இருக்கிறார், பட்டு நூல் சுற்றுகிறார். அவருக்கு ஆபரேஷன்தான் சரியான வைத்தியம். டெஸ்ட் எடுத்ததால் அது தெரிந்தது.

நின்று ஒரு வருடம் ஆனபிறகு ஒரு சொட்டுப் பட்டாலும் காட்டவேண்டும் என்று டாக்டர் அப்போது சொன்னார். அது எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது.

சிஸ்டரம்மா (பாகாயம்):
அம்மா நன்றாக இருக்கட்டும். பாட்டி சொன்ன வாழைப்பூ, முருங்கைக்கீரை எல்லாம் நல்ல சாப்பாடு, தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் 7.8 ஐக் கீரை மட்டும் தூக்கிவிடாது, போக்கின் காரணத்தையும் காட்டிக்கொடுக்காது.

யாருக்கு இந்தப் புற்றுநோய் பயம் கூடுதல் என்றால், உடல் பருமன், சர்க்கரை, இளவயதிலிருந்தே சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை, பிள்ளை பெறாதவர்கள், மார்பகப் புற்றுநோய்க்கு டமாக்சிஃபென் சாப்பிடுகிறவர்கள், குடும்பத்தில் குடல் அல்லது கர்ப்பப்பைப் புற்றுநோய் இருந்தவர்கள். உறவுக்குப் பிறகு ரத்தம் பட்டால் அது வேறு கதை, கர்ப்பப்பை வாயைப் பார்க்கவேண்டும். 30 வயது தாண்டிய பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே அந்தப் பரிசோதனை உண்டு.

மட்டுறுத்துநர்:
மருந்துப் பெயர்களைப் பார்த்து யாரும் கடையில் போய் வாங்க வேண்டாம். நன்றி.

தறிவீட்டுப்பெண் (குடியாத்தம்):
அதைச் சொன்னதும் ஞாபகம் வருகிறது. வைகாசியில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. வீடு நிறைய சொந்தக்காரர்கள். "அன்றைக்குத் தூரமாகிவிட்டால் என்ன செய்வது" என்று அண்ணி மருந்துக் கடையில் தள்ளிப்போடுகிற மாத்திரை வாங்கிச் சாப்பிட்டார். திருவிழா முடிந்து மாத்திரையை நிறுத்தியதும்தான் இந்தப் போக்கு ஆரம்பித்தது. வருடா வருடம் சாப்பிடுவாராம்.

சிஸ்டரம்மா (பாகாயம்):
இதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லச் சொல்லுங்கள். அது நோர்எத்திஸ்டிரோன், புரோஜெஸ்டிரோன் வகை. நிறுத்திய இரண்டு மூன்று நாளில் ரத்தம் வரும், அது மருந்தின் இயல்பு. ஏற்கெனவே தடித்திருந்த சுவர் என்றால் நிறையவே வரும். ஆனால் அதோடு நிற்காமல் வாரக்கணக்கில் போனால் மாத்திரைமேல் மட்டும் பழிபோட முடியாது. வேடிக்கை என்னவென்றால், போக்கை நிறுத்தவும் டாக்டர்கள் அதையேதான் கொடுப்பார்கள். கடைக்காரர் கொடுப்பதற்கும் அவர்கள் கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசம், முன்னால் என்ன பார்த்தார்கள் என்பதில் இருக்கிறது. கால் நரம்பில் ரத்தம் உறைந்தவர்கள், ஈரல் கோளாறு உள்ளவர்கள் இதைத் தொடவே கூடாது.

ஹார்மோன் இல்லாத டிரானெக்சாமிக் அமிலம் என்று ஒன்று உண்டு. அதிகம் போகிற சில நாளைக்கு மட்டும் சாப்பிடுவது. அதுவும் ரத்தம் உறையும் தொந்தரவு உள்ளவர்களுக்கு ஆகாது.

சோளிங்கர்க்காரன்:
எல்லாம் சரி சிஸ்டர், ஆனால் பணம் பறிப்பதைப் பற்றி யாரும் பேச மாட்டேன் என்கிறீர்களே. பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் பக்கம் காப்பீட்டுப் பணத்துக்காகத் தேவையில்லாமல் கர்ப்பப்பையை எடுத்தார்கள் என்று உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போனது. மத்திய சுகாதாரத் துறை 2022இல் வழிகாட்டுதல் போட்டது, 2023 ஏப்ரலில் எல்லா மாநிலமும் மூன்று மாதத்தில் அதை ஏற்கவேண்டும் என்று கோர்ட் சொன்னது. மகாராஷ்டிராவில் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகும் பெண்கள், மாதவிலக்கால் வேலை கெடக்கூடாது என்று முப்பது வயதுகளிலேயே எடுத்துக்கொண்ட செய்தி 2019இல் வந்தது. டாக்டரை எப்படி நம்புவது?

சிஸ்டரம்மா (பாகாயம்):
நடந்தது உண்மைதான். அதற்காக எடுக்கச் சொல்கிற எல்லா டாக்டரும் திருடர் என்றால், ஆரணித் தங்கச்சியின் அம்மா இன்று இருக்கமாட்டார். கேள்வி கேளுங்கள். சதை டெஸ்ட் ரிப்போர்ட் எங்கே? மாத்திரையோ லூப்போ ஏன் எங்களுக்கு ஒத்துவராது? சினைப்பையையும் சேர்த்து எடுக்கிறீர்களா? கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம். மாதவிலக்கு நிற்காத வயதில் சினைப்பையையும் எடுத்தால் ஒரே நாளில் மெனோபாஸ் வந்துவிடும். உடம்பெல்லாம் அனல், தூக்கமின்மை, அப்புறம் எலும்பு தேய்வது, இதய நோய் என்று நீளும். கர்ப்பப்பையை மட்டும் எடுப்பது வேறு, இரண்டையும் எடுப்பது வேறு. நம் பெண்கள் பலருக்கு எது எடுத்தார்கள் என்பதே தெரியாது.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை நல்ல விஷயம். இன்றைக்குத்தான் பயன்படுத்தவேண்டும் என்று கட்டாயம் இல்லை, டெஸ்டுக்குப் பிறகும் அது அங்கேயேதான் இருக்கும்.

காட்பாடி மருமகள்:
ஆண் டாக்டராக இருந்தால் உள்ளே வைத்துப் பார்க்கிற ஸ்கேனுக்கு வரவே மாட்டேன் என்கிறார் மாமியார். என்ன செய்வது?

சிஸ்டரம்மா (பாகாயம்):
பெண் டாக்டர் வேண்டும் என்று சீட்டு போடும்போதே கேளுங்கள். ஆண் டாக்டர்தான் என்றால் நர்ஸ் ஒருவர் பக்கத்தில் நிற்கவேண்டும், அதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆண் டாக்டரிடம் காட்டமாட்டோம் என்று வீட்டோடு செத்துப்போன பெண்களைப் பார்த்துத்தான் ஐடா ஸ்கடர் டாக்டருக்குப் படித்தார். 1918இல் அவர் இந்த வேலூரில் ஆரம்பித்த மருத்துவப் பள்ளியே பெண்களுக்கானது. இந்த ஊரில் பெண் டாக்டருக்குப் பஞ்சமில்லை என்று மாமியாரிடம் சொல்லுங்கள்.

தறிவீட்டுப்பெண் (குடியாத்தம்):
எல்லாருக்கும் பதில் சொல்லத் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும். குடியாத்தம் அரசு மருத்துவமனையில் காட்டினோம். ரத்தம் இன்னும் இறங்கி 7க்குக் கீழே வந்திருந்தது. அங்கிருந்து வேலூருக்கு, அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். ரத்தம் ஏற்றி, மாத்திரை கொடுத்துப் போக்கை நிறுத்தினார்கள். அப்புறம் சதை டெஸ்ட். அண்ணி ஒரு தடவை "அம்மா" என்றார், முடிந்துவிட்டது. தைராய்டும் கொஞ்சம் குறைவாக இருக்கிறதாம், அதற்கும் மாத்திரை.

ரிசல்ட் நேற்று வந்தது. உள்சுவர் தடிப்பு இருக்கிறது, ஆனால் செல்களில் மாற்றம் இல்லை, புற்றுநோய் இல்லை. ஆபரேஷன் இப்போது வேண்டாம், லூப் வைக்கலாம், ஆறு மாதம் கழித்துத் திரும்பச் சதை டெஸ்ட் என்றார்கள். அண்ணன், "அப்போ அந்த கிளினிக்கில் ஏன் அப்படிச் சொன்னார்கள்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறார். செல் மாற்றம் இல்லை என்றால் என்ன அர்த்தம் சிஸ்டரம்மா? டாக்டரிடம் கேட்கத் தைரியம் வரவில்லை, கூட்டம்.

சிஸ்டரம்மா (பாகாயம்):
ரொம்ப சந்தோஷம். தடிப்பில் இரண்டு வகை. செல்கள் உருமாறாத தடிப்பு இருபது வருடத்தில் புற்றுநோயாக மாறுவது 100இல் 5 பேருக்கும் குறைவு. லூப்பிலிருந்து வரும் மருந்து சுவரிலேயே நேராக வேலை செய்வதால் பெரும்பாலோருக்கு அது கரைந்துவிடும். செல்கள் உருமாறிய தடிப்பு என்றால் பேச்சே வேறு. ஏற்கெனவே புற்றுநோய் ஒளிந்திருக்க வாய்ப்பு அதிகம் என்பதால், பிள்ளை பெற்று முடித்தவர்களுக்குக் கர்ப்பப்பையை எடுக்கத்தான் சொல்வார்கள். ஸ்கேனில் இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும். உங்கள் அண்ணன் கேட்கிற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

அந்த ஆறு மாத டெஸ்டை விட்டுவிடாதீர்கள். போக்கு நின்றதும் எல்லாரும் மறப்பது அதைத்தான். ஒரு தடவை நன்றாக வந்தால் போதாது, அடுத்த டெஸ்டும் நன்றாக வரவேண்டும்.

ஷூகம்பெனி (ஆம்பூர்):
லூப் வைத்தபின் மூன்றிலிருந்து ஆறு மாதம் சொட்டுச் சொட்டாகப் படும், அண்ணியிடம் முன்னாலேயே சொல்லிவையுங்கள். இல்லாவிட்டால் என்னை மாதிரி சண்டை போடுவார்.

தறிவீட்டுப்பெண் (குடியாத்தம்):
சொல்லிவிட்டேன் அக்கா. இரும்பு மாத்திரை சாப்பிட்டால் வயிறு எரிகிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்று நிறுத்தப் பார்க்கிறார். என்ன செய்யலாம்?

சிஸ்டரம்மா (பாகாயம்):
கறுப்பாகப் போவது மாத்திரையால், பயப்பட வேண்டாம். எரிச்சல் இருந்தால் சாப்பாட்டுக்குப் பிறகு சாப்பிடட்டும், அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். மாத்திரையோடு எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ நல்லது. டீ, காபி, பால், கால்சியம் மாத்திரை கூடவே வேண்டாம், இரண்டு மணி நேரம் தள்ளிக் குடிக்கட்டும். தைராய்டு மாத்திரை காலையில் வெறும் வயிற்றில், இரும்பு மாத்திரை குறைந்தது நான்கு மணி நேரம் கழித்து. ரத்தம் 12க்கு வந்தபிறகும் மூன்று மாதம் தொடரவேண்டும். மாத்திரை ஒத்துக்கொள்ளவே இல்லை என்றால் நரம்பு வழியாக ஏற்றுகிற இரும்புச்சத்து இருக்கிறது, அடுத்த தடவை போகும்போது கேட்கச் சொல்லுங்கள்.

தறிவீட்டுப்பெண் (குடியாத்தம்):
டீயை விடச் சொன்னால்தான் அண்ணி என்னோடு பேசமாட்டார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இரும்பு மாத்திரை, நாலு மணிக்கு டீ என்று பேசி முடித்திருக்கிறோம்.